குப்பையில் எடுத்த பெயர்

அப்பா,

அம்மா இன்று உங்கள் சாரத்தைக் கிழித்தார். நீலக்கட்டம் போட்டது. கழுவிக் கழுவிக் கடதாசி போல் மெலிந்தது. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, பழைய துணிதான் வேண்டும் என்று அலுமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்து வந்தார். பூச்சி உருண்டை மணத்துக்கு அடியில் டீசல் இருந்தது. நனைந்த கயிறு இருந்தது. துறைமுகம் இருந்தது. ஆஸ்பத்திரி வாட்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து அதை முகத்தில் வைத்துக்கொண்டேன்.

தாதி அதை உள்ளே விடவில்லை. உள்ளே எல்லாம் அவித்தெடுத்த துணிகள்.

உங்கள் பேரன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறான். வரவேண்டிய காலத்துக்கு வெகு முன்னால் வந்துவிட்டான். நெஞ்சு என் உள்ளங்கை அகலம்கூட இல்லை. சிலவேளை மூச்சு விட மறந்துவிடுகிறான். அப்போது பெட்டி கத்தும். தாதி வந்து பாதத்தில் விரலால் தட்டுவார். திரும்ப விடுவான். அடுத்த முறை மறக்கும் வரைக்கும்.

இவனுக்கு முன் வந்தவள் இவ்வளவு தூரமும் வரவில்லை. அவளுக்குப் பெயர் இல்லை.

இவன் கையில் ஒரு பட்டி கட்டியிருக்கிறார்கள். அதில் என் பெயர் இருக்கிறது. இன்னாளின் குழந்தை. அவ்வளவுதான் இப்போதைக்கு இவன்.

பெயரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

உங்கள் பெயர் குப்பைத்தம்பி. எழுதிவிட்டேன். அப்பாவின் பெயரைப் பிள்ளைகள் வாயால் சொல்வதில்லை. எழுதும்போதும் கை ஒருமுறை நின்றது. உங்களுக்கு முன் பிறந்த எதுவும் தங்கவில்லை. ஆகவே உங்களைச் சுளகில் கிடத்திக் குப்பைமேட்டில் வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி கண்டெடுத்தாள். பெற்றவளே ஒரு கை தவிடு கொடுத்து அவளிடமிருந்து உங்களை வாங்கினாள். இது ஆசைப்பட்டுப் பெற்ற பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கியது, இதைக் கொண்டுபோய் என்ன செய்வது என்று எமன் நினைக்க வேண்டும். அதற்காக அந்தப் பெயர்.

கம்பஸில் இந்தப் பெயர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். ஊசி வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, பிள்ளைகள் தங்கத் தொடங்கின. அந்தப் பெயர்களுக்கு வேலை இல்லாமல் போனது. அதுதான் என் வாதம். நல்ல புள்ளி கிடைத்தது. வாதம் இப்போதும் சரிதான். பெட்டி கத்தும்போது அதில் ஒரு வரிகூட எனக்கு உதவவில்லை.

துறைமுக வாசலில் உங்களுக்குச் சாப்பாட்டுப் பாசலோடு நிற்பேன். கப்பலுக்குக் கயிறு பிடிக்கும் உங்கள் கூட்டாளிகள் முதலில் வருவார்கள்.

"டேய் குப்பை, உன்ர மகள் வந்து நிக்குது. இதுக்கு என்ன பேர் வைச்சனீ? கஞ்சலோ, கூளமோ?"

"தர்ஷிகா. சொல்லிப் பார். உன்ர நாக்கில வராது."

அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருநாள் கேட்டேன். சோற்றுக்கையை உதறிவிட்டுச் சிரித்தீர்கள். "தெரியாது, பிள்ளை. அர்த்தம் தெரியாத பேராத்தான் தேடினனான். தெரிஞ்சா ஆரும் பிடிச்சு இழுப்பாங்கள்."

உங்களை எல்லோரும் பிடித்து இழுத்தார்கள். நீங்கள் இழுபடவில்லை.

சீனன்குடாப் பாதையில் ஆமி பஸ்ஸை மறித்து இறக்கிய நாள். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தவனுக்கு யாரோ உங்கள் பெயரின் பொருளைச் சிங்களத்தில் சொன்னார்கள். அவன் சிரித்தான். மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தான். அட்டையைத் திருப்பித் தந்தான். உங்களோடு இறக்கப்பட்டவர்களில் சிலர் பஸ்ஸுக்குத் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டே அம்மாவுக்குச் சொன்னீர்கள். "சிரிச்சாங்கள். விட்டிட்டாங்கள்." அன்று நீங்கள் சாப்பிடவில்லை.

பிறகு கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழி. பின்னேரம் வரை உங்களைக் காணவில்லை. வேலியடியில் சேறாக ஒரு மனிதர் வந்து நின்றார். குரலை வைத்துத்தான் நீங்கள் என்று தெரிந்தது.

"அழாதையுங்கோ. குப்பையைக் கடல் வைச்சிருக்காது. கரையிலதான் தள்ளும்."

அம்மா உங்களை அடித்தார். அடித்துக்கொண்டே அழுதார். அப்போதும் பெயர் சொல்லவில்லை. "இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ" என்றுதான் அழுதார்.

என் கல்யாண அழைப்புக் காட்டில் நீங்களே உங்கள் பெயரை மாற்றினீர்கள். தம்பிராசா என்று அடிக்கச் சொன்னீர்கள். அம்மா வேண்டாம் என்றார். நானும் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. "மாப்பிள்ளை வீட்டில நாலு படிச்ச ஆக்கள். அதுக்குள்ள எதுக்குக் குப்பை?" பகிடிபோலத்தான் சொன்னீர்கள். காட்டை மட்டும் நெடுநேரம் கையில் வைத்திருந்தீர்கள். பெயரில் விரலை வைத்துத் தடவினீர்கள்.

அந்த வருசம் முடிவதற்குள் விறாந்தைக் கதிரையில், பாதித் தேத்தண்ணியோடு போய்விட்டீர்கள்.

இருதயம் என்றார் டொக்டர். அம்மா ஒரே ஒருமுறைதான் வாய் திறந்தார். "பேரை மாத்தினார். கண்டுபிடிச்சிட்டான்."

நான் டொக்டரை நம்பினேன். இன்றும் நம்புகிறேன். நம்பிக்கொண்டே தவிடு எங்கே வாங்கலாம் என்று யோசிக்கிறேன்.

பழைய பெயர்கள் திரும்பி வருகின்றன, அப்பா. ஆதன், மாறன், செழியன். கனடாவில் பிறக்கிற பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில் முன்பள்ளிக்குப் போகிற ஒன்று செழியன். அழகாக இருக்கிறது. ஆனால் அரசர்கள்தான் வருகிறார்கள். குப்பைத்தம்பி வரவில்லை. பிச்சை வரவில்லை. தவிடன் வரவில்லை. ஒருவேளை என்னைப்போல் யாரோ ஒருத்தி எங்கோ ஒரு வாங்கில் இருந்து நினைத்துக்கொண்டு, வெளியே சொல்லாமல் இருக்கிறாளோ.

உங்கள் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று என் கணவரிடம் சொல்லிவிட்டேன். அவர் போனில் பெயர்கள் பார்த்து வைத்திருந்தார். அக்‌ஷித். ரித்விக். போனைக் கவிழ்த்து வைத்தார்.

"என்னப்பா கதை இது? கம்பஸ் படிச்ச நீயே இப்பிடிக் கதைச்சா?"

"எனக்கு வேற ஒண்டும் தெரியேல்ல."

"பள்ளிக்கூடத்தில சிரிப்பாங்கள். அவன் என்ன பாடுபடுவான் எண்டு யோசிச்சனியே?"

"பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும் முதல். அங்க வைச்சுச் சிரிக்கட்டும்."

அவர் எழுந்து யன்னலடிக்குப் போனார். அங்கிருந்து உள்துறைமுகத்தின் ஒரு துண்டு தெரியும். ஒரு கப்பல் நின்றது. யாரோ கயிறு பிடித்துக்கொண்டிருப்பார்கள். அவர் தோள் குலுங்கியது.

அப்போதுதான் தாதி வெளியே வந்தார். சம்பூர்க்காரி. என்னைவிட இளமை.

"அக்கா, உள்ள வந்து பேர் சொல்லிக் கதையுங்கோ. அதுகளுக்குக் குரல் விளங்கும்."

"பேர் வைக்கேல்ல, மிஸ்."

"இருக்கு," என்றார் அம்மா. நானும் என் கணவரும் பேசியதெல்லாம் வாங்கின் மறு நுனியில் இருந்து கேட்டிருக்கிறார். "பேர் இருக்கு. சொல்லத்தான் என்னால ஏலாது."

"ஏனம்மா?"

"அது அவற்ற பேர்."

சீலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தார். தவிடு. நான் யோசித்துக்கொண்டிருந்ததை அவர் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "ஆரும் கண்டெடுத்துத் தரவேணும், பிள்ளை. பிறத்தியார்தான் தரலாம்."

தாதி தவிட்டைப் பார்த்தார். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

"இஞ்ச குப்பைமேட்டுக்கு எங்க போறது? எல்லா இடமும் மருந்து ஊத்திக் கழுவி வைச்சிருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்கட ஊரிலயும் செய்யிறவை. என்ர பெரியப்பா ஒராள் பிச்சை. அந்தாள் இன்னும் வள்ளம் தள்ளுது."

கையை நீட்டினார். அம்மா தவிட்டை அதில் கொட்டினார்.

"சரி. நான் எடுத்தனான், நான் வித்திட்டன். மலிவுதான்." ஒரு கடதாசியில் சுற்றி வாசல் மேசையில் வைத்தார். முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். "தவிடு வெளியில. பேர் மட்டும் உள்ள. கையைக் கழுவிப்போட்டு வாங்கோ அம்மா."

யன்னலடியில் இருந்து என் கணவர் திரும்பினார். முகத்தைத் துடைக்கவில்லை.

"சொல்லுங்கோ, மாமி," என்றார்.

பெட்டியின் பக்கத்தில் வட்டமாக ஒரு துவாரம் இருக்கிறது. அம்மா அதற்குள் கையை விட்டுப் பாதத்தில் ஒரு விரலை வைத்தார். வங்கியில் புருசன் பெயர் கேட்டால் என்னைத் திரும்பிப் பார்க்கிற அம்மா. உங்கள் செத்தவீட்டிலும் பெயர் சொல்லி அழாத அம்மா. உதடு திறந்தது. மூடியது. திரும்பத் திறந்தது.

சொன்னார்.

முழுப்பெயரையும். மெதுவாக. பக்கத்து அறையில் இருக்கிற ஒருவரைச் சாப்பிடக் கூப்பிடுவது போல. சொன்னதும் மற்றக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதில் சிரிக்க ஒன்றும் இல்லை, அப்பா. அவர் குரலில் அது ஒரு மனிதரின் பெயராகத்தான் இருந்தது.

பின்னேரம் பெட்டி திரும்பவும் கத்தியது. தாதி தட்டினார். அம்மா கூப்பிட்டார். எதைக் கேட்டு மூச்சு விட்டான் என்று தெரியாது. விட்டான். இதை எழுதும்போதும் விடுகிறான். அடுத்ததற்குக் காத்திருக்கிறேன்.

சாரத்தின் ஒரு துண்டு என் மடியில் இருக்கிறது. பெயர் என் வாயில் இருக்கிறது. நானும் இப்போது அதைச் சொல்கிறேன். சத்தமாகவே சொல்கிறேன்.

ஒன்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். நீங்கள் இருக்கும் இடத்தில் அது கேட்கக்கூடும். அம்மாவின் குரலில் உங்கள் பெயர். உயிரோடு இருந்தபோது ஒருநாளும் கேட்காதது. திரும்பிப் பார்க்க மனம் வரும்.

திரும்பாதீர்கள், அப்பா. கையை நீட்டிவிடாதீர்கள்.

நாங்கள் கூப்பிடுவது உங்களை இல்லை.