எஸ்தர் டீச்சரின் சட்டை

கொல்லம் ஆண்டு 1110, தை மாதம், வெள்ளி இரவு.

இப்படி நடக்கும் என்று நான் அன்றே சொன்னேன். ஆள்தான் மாறிப்போயிற்று.

பெண்ணிடம் மனசு வைக்கும் பெண்ணை உடுப்பிலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று கோட்டாறு கடைத்தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறேன். முடியைக் கத்தரித்து, கையில் கடிகாரம் கட்டித் திரிந்த எஸ்தர் டீச்சரை அக்காள் மகள் பகவதியிடம் அண்டவிடாமல் விரட்டியதும் அதனால்தான். பகவதிக்குத் தையல் சொல்லித்தர, நீளப் பின்னலும் பிச்சிப்பூவுமாக இருந்த தங்கத்தை நானே தேடிக் கொண்டுவந்தேன்.

இன்று சுசீந்திரத்து மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பகவதி சொல்லிவிட்டாள்: "எனக்குக் கல்யாணம் வேண்டாம். இருந்தா தங்கத்தோடதான் இருப்பேன்." அவர்கள் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

"ஏட்டி, உன்னைப் பாத்தா அப்படித் தெரியலியே?" என்றேன்.

"எப்படித் தெரியணும் மாமா? மீசை வைக்கணுமா?"

அக்காள்கூடச் சிரித்துவிட்டாள். எஸ்தர் டீச்சருக்கோ அடுத்த மாதம் கல்யாணமாம். பூவையும் நம்ப முடியாது, கத்தரித்த முடியையும் நம்ப முடியாது என்றால் மனுஷன் எதைப் பார்த்துத்தான் தீர்மானிப்பது?

"டீச்சர் ஆம்பிளைச் சட்டை போட்டதைப் பாத்தேன்னு ஊரெல்லாம் சொன்னீயளே, எங்க வச்சுப் பாத்திய?" என்று பகவதி விடவில்லை.

"பத்மநாபபுரத்துல. இந்த ரெண்டு கண்ணால."

தூக்கம் வரவில்லை. முடியும் கடிகாரமும் உண்மை. அந்தச் சட்டையை மட்டும் நான்தான் என் வாயாலேயே டீச்சருக்குப் போட்டுவிட்டேன்.