துப்பச் சொன்னதை விழுங்கியவர்கள்

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் அண்ணன் எழுதுவது. நானும் அம்மாவும் நலம், என் முழங்கால் மட்டும் நலமில்லை, அதை நீ அங்கிருந்து விசாரித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும்.

ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடிப்பதையெல்லாம் திராட்சைத் தோட்டக்காரனுக்கும் ஒயின் ஆலைக்காரனுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை என்று பெருமையாகச் சொல்வாயே, அது இங்கே வந்து சேர்ந்த லட்சணத்தைக் கேள். சில வருஷங்களுக்கு முன்னால் நீ ஆள் அனுப்பி நடத்திய பயிற்சி வகுப்பு உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. சங்கக் கட்டடத்தில் நாற்காலி போதவில்லை. படிப்பு ஆசை என்று நினைத்துவிடாதே, காலை வகுப்பு ஒயின் ருசி பார்ப்பது. சொல்லித்தர வந்த அம்மா, வாயில் வைத்துச் சுழற்றி வாளியில் துப்ப வேண்டும் என்று பாவம் துப்பியே காட்டினாள். நம் ஆட்களா துப்புவார்கள்? "வாளிக்கு ஊத்தவா இவ்வளவு தூரம் வந்தேன்" என்று கேட்டான் நம் டிராக்டர்காரன். வாளி கடைசிவரை காய்ந்தே கிடந்தது. மதியம் கவாத்து வகுப்பு. இந்த வரிசையைப் போட்ட மகராசி நீதானே, நன்றாக இரு. ஈரத்தில் வெட்டாதே, வெட்டின காயத்தில் மருந்துப் பசை பூசு, இல்லாவிட்டால் கொடியின் தண்டு உள்ளுக்குள்ளேயே கறுத்துப் பட்டுப்போகும் என்று அந்த அம்மா தொண்டை வறளக் கத்துகிறாள், முன்வரிசை முழுக்கக் குறட்டை. அதிலே பெரிய குறட்டை யாருடையது என்று இதை எழுதுகிறவனைக் கேள். பேனாவை நிறுத்திவிட்டு முறைக்கிறான். எழுதுடா என்கிறேன்.

டாக்டர் புண்ணியத்தில் நான் குடிக்காமல் விழித்திருந்தேன், கேட்டதைத் திண்ணையில் ஊர்க்காரர்கள் இருக்கும்போதே உன் அண்ணனிடம் சொன்னேன். "எனக்குக் கவாத்து கத்துக்குடுக்க அவ ஆள் அனுப்பணுமா, போட்டோ பிடிச்சு மேலிடத்துக்குக் காட்டத்தானே இந்த வகுப்பெல்லாம்" என்றார் இதை எழுதுகிற துரை. மறுநாளே தூறலில் கத்தரியோடு இறங்கினார். வருஷா வருஷம் அப்படித்தான். இப்போது மேட்டுப்பக்கத்துக் கொடிகளில் பாதிக்குத் தளிரே இல்லை, வந்த இலையும் காசளவுக்குச் சுருங்கி மஞ்சளாக நிற்கிறது. அறுத்துப் பார்த்தால் உள்ளே கறுப்பு. இவனுக்கு வந்த ரோஷத்தில் தோட்டம் மொத்தத்தையும் பிடுங்க மெஷின்காரனிடம் சொல்லிவைத்திருக்கிறான். வருகிற வாரம் வருவானாம்.

கறுப்புக்குக் கீழே நல்ல தண்டு தெரிகிறவரை அறுத்துவிட்டால் அடியிலிருந்து புதுக்கிளை ஏற்றலாம் என்றும் அந்த அம்மா சொன்னாள். எதை அறுப்பது, எதை விடுவது என்று கண்டது யார்? தங்கச்சியைக் கேளடா என்றால் வாய்க்குப் பூட்டு. அன்றைக்கு ஊர் முன்னால் உன் வேலையைக் கிண்டல் செய்த வாய், இன்றைக்கு எப்படித் திறக்கும்? மானம் போகுமாம், தோட்டம் போனால் பரவாயில்லையாம். இவன் கேட்கமாட்டான், நான் கேட்கிறேன். லீவு போட்டுவிட்டு வா. பேச்சாளர் வேண்டாம், வாளி வேண்டாம், நீ வந்து ஒவ்வொரு கொடியாகப் பார்.

குழந்தைக்கு என் முத்தம். எல்லாரும் தீர்க்காயுசோடு இருங்கள். வரும்போது அம்மாவின் கண் மருந்தை மறக்காதே. கீழே தானாக ஏதோ கிறுக்குகிறான், என்னவென்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறான்.

இப்படிக்கு,
உன் அப்பா (கைநாட்டு)

தங்கச்சி, மெஷின்காரனை வேண்டாம்னு சொல்லிடறேன். நீ வா. நான் கூப்பிட்டேன்னு அப்பாகிட்ட சொல்லாதே.