கோணல் கால் எழுத்து

டோனிகால்
12 ஆகஸ்ட் 1943

அன்பு மகன் யூனனுக்கு,

நேற்று சுண்ணாம்பு வாளிக்குள் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளைப் பின்புறத்தோடு தெருவில் நடந்தபோது கசாப்புக்கடை ஃபீலிம், "என்ன மானஸ், சரணடையப் போறியா? கொடியப் பின்னால கட்டியிருக்கே!" என்றான்.

இந்தப் போரில் நம் நாடு யார் பக்கமும் இல்லை. அது மேலே பறப்பவர்களுக்குத் தெரியவேண்டுமாம். கடற்காவல்காரர்களாகிய நாங்கள் கடலோர முனைமேட்டில் சுண்ணாம்படித்த கற்களால் நாட்டின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுகிறோம். நாலாம் வகுப்போடு நின்ற எனக்கு நான்கு எழுத்தே அதிகம். மூன்றாவது எழுத்தான R-இன் கால் கோணிவிட்டது.

ஃபீலிம் விடவில்லை. "இருபத்தொண்ணுல இங்கிலீஷ்காரன் உன் கால்ல சுட்டான். இப்ப உன் மவன் அவனுக்கே ஏரோப்ளேன் ஓட்டுறான். நல்ல குடும்பம்யா!" சிரித்து வைத்தேன்.

அந்த உடுப்போடு வீட்டுப் படி ஏறாதே என்று நீ போனபோது சொன்னேன். அந்தப் பேச்சு அப்படியேதான் இருக்கிறது. அம்மா காலுறை அனுப்புகிறாள். அது எனக்குத் தெரியாது.

இதைப் பிரித்துப் படிக்கும் தணிக்கை ஐயாவுக்கும் வணக்கம்.

அப்பா
மானஸ் கில்டே

3 நவம்பர் 1943

அன்புள்ள அப்பா,

எங்கிருக்கிறேன் என்று எழுதக்கூடாது. போன வாரம் பறந்து திரும்பும்போது ஒரே மூடுபனி. பெட்ரோல் முள் அடியைத் தொட்டுவிட்டது. கூட வந்தவன் ஜெபம் சொல்ல ஆரம்பித்தான். பனி ஒரு கணம் விலக, கீழே வெள்ளை எழுத்துகள். கரை நெடுக எல்லா முனையிலும் அதே பெயர்தான். எது எந்த முனை? அப்போது பார்த்தேன், மூன்றாவது எழுத்து உங்களைப் போலவே ஒரு காலை இழுத்துக்கொண்டு நின்றது. "பயப்படாதடா, அது எங்கப்பா!" என்று கத்தினேன். அங்கிருந்து வழி தெரிந்தது. இறங்கிவிட்டோம்.

கிறிஸ்துமஸுக்கு விடுப்பு உண்டு. போரிடும் நாட்டின் இந்த உடுப்போடு நம் நாட்டு எல்லை தாண்ட விடமாட்டார்கள். வேறு உடுப்பும் என்னிடம் இல்லை. வரட்டுமா?

யூனன்

20 நவம்பர் 1943

யூனா,

உன் கடிதம் வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. விமானச் சத்தம் கேட்டாலே வெளியே ஓடுகிறேன். நேற்று முகத்தில் சவர நுரையோடு ஓடினேன். ஃபீலிம் அதையும் பார்த்துவிட்டான்.

செவ்வாயன்று அதிகாரி வந்தார். "கில்டே, இந்த எழுத்தோட கால நேராக்கு. பாக்கவே வெக்கமா இருக்கு."

"பாறை விடமாட்டேங்குது சார்." பாறையாவது! அங்கே வெறும் புல்.

"வேற ஆளப் போடவா?"

"போடுங்க சார். அவனுக்கும் இதே பாறைதான்."

அவர் எழுத்தின் காலைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், போய்விட்டார்.

நீ வீட்டில் விட்டுப்போன பழுப்புக் கோட்டைத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். பொட்டலம் கட்டியது நான், முடிச்சு கோணலாகத்தான் இருக்கும்.

அந்த அதிகாரியிடம் நான் வாய்விட்டுச் சொல்லாதது ஒன்றுதான்: நாடு யார் பக்கமும் இல்லை சார், சரி, நான் என் மகன் பக்கம்.

அப்பா