பயணப் படங்கள் பத்திரமாக இருக்கின்றன, அண்ணி

என் பிரியமான அண்ணி,

அண்ணன் சாப்பிடுகிறார், தூங்குகிறார். காலையில் காவிரிக்கரையிலுள்ள அம்மா மண்டபம் படித்துறை வரை நடந்துவிட்டு வருகிறார். ஸ்ரீரங்கத்து வீட்டில் பேச்சுதான் குறைந்துவிட்டது.

திடீரென்று வந்த நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோன பிறகு, சட்டம் போட்டு மாட்ட ஒரு படம் தேடினோம். கல்யாணப் படத்தில் பயந்துபோய் நிற்கிறீர்கள். ஆதார் படத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "நீங்க ரெண்டு பேரும் ஊர் சுத்தினப்ப எடுத்தது இருக்குமே, அத்தை?" என்று உங்கள் மகள் கயல் கேட்டாள்.

ஓய்வு பெற்றதும் நாம் இருவரும் மாதக்கணக்கில் சுற்றினோமே, அந்தப் பயணம். எந்த ஊரில் தங்கினாலும், குளித்து முடித்ததும் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அன்றைய படங்களைப் போனிலிருந்து ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிடுவீர்கள். "கால் வலிக்குது, நாளைக்குப் பாத்துக்கலாம் அண்ணி" என்பேன். "நாளைக்குப் போன் தொலைஞ்சுட்டா? நான் மறதிக்காரி, வாசுகி" என்பீர்கள்.

பூரியில் நிஜமாகவே போன் திருடு போனது. நான் கலங்கிவிட்டேன். நீங்களோ, "நேத்து வரைக்கும் எடுத்ததெல்லாம் டிஸ்க்குல இருக்கு. இன்னிக்குப் பாத்தது மட்டும்தானே போச்சு? வா, இன்னொரு தடவை பாத்துட்டு வருவோம்" என்று ஆட்டோவைக் கூப்பிட்டீர்கள்.

அந்த டிஸ்கைத்தான் எடுத்துச் செருகினேன். டிக் டிக்கென்று சத்தம் வந்ததே தவிர, எதுவும் திறக்கவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் காட்டினேன். "உள்ள அடி வாங்கியிருக்கு மேடம். வேற காப்பி வச்சிருக்கீங்களா?" என்றார் கடைக்காரர். இல்லை என்று தலையாட்டினேன். நீங்கள் இரண்டாவது தடவை போய்விட்டது போல இருந்தது. பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது, யாரும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும், அண்ணன் பேப்பரை மடித்து வைத்தார். "எதுக்கு அழற? எல்லாம் என் கம்ப்யூட்டர்ல இருக்கு."

எனக்கு விளங்கவே இல்லை. நாம் கிளம்பியபோது வாசல் வரைகூட வராத மனிதர். "பொம்பளைங்க ரெண்டு பேரும் தனியா என்ன ஊர் சுத்தறது?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர்.

"உங்க அண்ணி வாரா வாரம் லாட்ஜ் வைஃபைல எனக்கு அனுப்பிடுவா. டிஸ்க்கு கெட்டுப்போனா உங்ககிட்ட ஒண்ணு இருக்கட்டும்னா. நானும் ஊர் பேர் போட்டு வச்சேன்." மடித்த பேப்பரை மறுபடி பிரித்துக்கொண்டே, "தெனமும் எடுத்துப் பாப்பேன்" என்றார்.

என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அண்ணி? எனக்குத் தெரிந்தால் அவர் கூச்சப்பட்டு, பார்ப்பதை நிறுத்திவிடுவார் என்றா?

கயலையும் கூப்பிட்டு, மூன்று பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். ஷில்லாங் மழையில் தலையெல்லாம் நனைந்து, வாய்விட்டுச் சிரிக்கிறீர்கள். முன்பல் இடைவெளி பளிச்சென்று தெரிகிறது. அதைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிப்பதுதானே உங்கள் வழக்கம்!

கயல் தயங்கினாள். "மாலை போடற படம்ப்பா. கொஞ்சம் அடக்கமா இருந்தா..."

"இதையே போடு" என்றார் அண்ணன். "இத்தனை வருஷம் கூட இருந்திருக்கேன். நேர்ல இப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லம்மா."

சொல்லிவிட்டு அழுதார். சுடுகாட்டில்கூட அழாதவர்.

இப்போது அந்தப் படம்தான் கூடத்தில் இருக்கிறது. நேற்று அவராகவே கேட்டார், "ஷில்லாங்குக்கு எப்படிப் போனீங்க?"

"குவஹாத்தி வரைக்கும் ரயில்தான். உங்களுக்குத்தான் ரயில்ல தூக்கம் வராதேண்ணே?"

"வரலைன்னா முழிச்சிட்டு வரேன்."

டிக்கெட் போட்டாயிற்று, அண்ணி. நீங்கள் நின்ற இடத்திலேயே அவரை நிற்கவைக்கிறேன். அவருக்குச் சிரிப்பு வரும்வரை, எவ்வளவு நேரமானாலும் காத்திருந்து, ஒரு படம் எடுக்கிறேன்.

உங்களுக்குத் தங்கையாகவே ஆகிப்போன நாத்தனார்,
வாசுகி