நீங்கள் போனை வைத்த பிறகு

பென்சில்வேனியா
12.3.2006

அன்புள்ள பிரவீனாவுக்கு,

நீ போனுக்கே வருவதில்லை. உன் அம்மா எடுத்து, "தூங்கறா மாப்ளே" என்று வைத்துவிடுகிறார்கள். அதனால் எழுதுகிறேன். தையல் ஆறியதா? நம் குழந்தையை யாராவது படம் எடுத்தார்களா? எனக்கு முகம்கூடத் தெரியாது.

நீ கூப்பிட்டபோது நான் பணியில் இருந்தேன். எங்கோ ஒரு நட்சத்திரம் நொறுங்கியதில் கிளம்பிய காமாக் கதிரை எங்கள் செயற்கைக்கோள் பிடித்திருந்தது. பத்து நொடிதான் அடிக்கும். எந்தத் திசை என்று உலகத்துத் தொலைநோக்கிகளுக்கெல்லாம் உடனே நான் சொல்லியாக வேண்டும். அதனால்தான் வைத்தேன். வலி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பதில் போடு.

உன்
கமலக்கண்ணன்

உத்தனப்பள்ளி
2.4.2006

மாமாவுக்கு,

தையல் ஆறிவிட்டது. பால் நிற்க மாத்திரை கொடுத்தார்கள். பெண் குழந்தை. படம் எடுக்கவில்லை. "எம்மவன் வந்து ஒருக்கா பாக்கட்டும்" என்று உங்கள் அப்பா பாப்பாவைச் சுற்றிய துணிச்சுருளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன் மாமா. "ரத்தம் போவுது, பயமா இருக்குது, வைக்காம பேசிக்கிட்டே இருங்க" என்றேன். ஓசூர் ஆஸ்பத்திரி வரும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன். நீங்கள் பேசியிருந்தாலும் குழந்தை பிழைத்திருக்காது, டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் பத்து நொடி என்கிறீர்களே, அப்புறம் ஏன் அன்று முழுக்கக் கூப்பிடவில்லை?

பிரவீனா

பென்சில்வேனியா
20.4.2006

என் பிரவீனா,

கதிர் போன பிறகும் அந்த இடம் கொஞ்ச நேரம் கனன்றுகொண்டிருக்கும். மங்குவதற்குள் அளக்க வேண்டும். அளந்துகொண்டே இருந்துவிட்டேன்.

சோறு இறங்கவில்லை. திரை முன்னால் உட்கார முடியவில்லை. வேலையை விடுகிறேன் என்று அப்பாவுக்கும் எழுதிவிட்டேன். மே கடைசியில் பெங்களூரில் இறங்குவேன். திட்டு, அடி, ஆனால் என்னை உள்ளே விடு. உன்னை விட்டால் நான் எங்கே போவேன்?

கண்ணன்

ஓசூர்
8.5.2006

மாமாவுக்கு,

வேலையை விடாதீர்கள். அது உங்களுக்கு எவ்வளவு உயிர் என்று எனக்குத் தெரியும். நானும் மறுபடி கம்பெனிக்குப் போகிறேன். கூட வேலை செய்யும் ஜோதியம்மாள் அக்காவோடு ஒரே அறையில் தங்கியிருக்கிறேன். முதல் ஷிஃப்ட். இரவில் தூக்கம் வருகிறது.

இங்கே வர வேண்டாம். நீங்கள் வாசலில் நின்று அழுதால் நான் உங்களோடு கிளம்பிவிடுவேன். பிறகு காலம் முழுக்க, உங்கள் போன் அடிக்கும்போதெல்லாம் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படி இருக்க என்னால் முடியாது.

பாப்பாவை உங்கள் வயலோரம் புங்க மரத்தடியில் புதைத்திருக்கிறார்கள். உங்கள் அப்பா காட்டுவார். பார்த்துவிட்டு அங்கிருந்தே திரும்பிவிடுங்கள்.

பிரவீனா