நீ வலை போடாத கசம்

அண்ணே,

இன்று காலை பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் எண்ணெய் எஞ்சினை முடுக்கினார்கள். கருகிய எண்ணெய் நாற்றம் வாசலைத் தாண்டி அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. கொதிக்கிற உலையை இறக்கி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அவர்கள் பாவம், மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். எனக்கோ கையில் கிடைத்ததை எடுத்து அந்த எஞ்சின்மேல் எறிய வேண்டும்போல இருந்தது. கோபம் அவர்கள்மேல் இல்லை. பாதி அந்த அதிகாரிமேல், மீதி உன்மேல். நீ போய்ச்சேர்ந்து இத்தனை சாரல் காலம் வந்து போயும் இன்னும் ஆறவில்லை.

சித்தாற்றை நம்பித்தான் நம் தெருவே பிழைத்தது. நீ வலை போடுவாய், நான் கூடையைத் தலையில் வைத்துத் தென்காசித் தெருக்களில் கூவி விற்பேன். குற்றாலத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டால் அங்கேயும் ஓடுவேன். பங்குனி பிறந்தால் ஆறு வெறும் மணல். நம் தெருப் பக்கத்தில் மருத மரங்களுக்குக் கீழே இருந்த கசம் மட்டும் வற்றாது. ஆற்றுக்கு நடுவே அப்படியொரு ஆழமான பள்ளம். மீன் அத்தனையும் கோடைக்கு அங்கேதான் ஒதுங்கும். சாரல் விழுந்து மலையிலிருந்து புதுத் தண்ணீர் இறங்கியதும் சினையோடு மேலேறி, கால்வாய், வயல் என்று பரவி முட்டையிடும். அதனால் அந்தக் கசத்தில் நம் ஆட்கள் யாரும் வலை போடுவதில்லை. தூண்டில்கூடக் கிடையாது. இதற்குச் சட்டமும் இல்லை, காவலும் இல்லை. அடுப்பு எரியாத நாளிலும் அந்தப் பக்கம் போகமாட்டோம், அவ்வளவுதான்.

ஒரு சித்திரை மாதம் வற்றிக்கொண்டிருந்த குட்டையில் ஒரு விரால் கிடந்தது. வயிறு முட்டச் சினை. நான் கூடையை நீட்டினேன். நீ என் தண்ணீர்ப் பானையைப் பிடுங்கி அதில் அதை விட்டு, கொதிக்கிற மணலில் நடந்துபோய்க் கசத்தில் இறக்கிவிட்டு வந்தாய். "ஏட்டி, வெதநெல்லை எவளாவது குத்திப் பொங்குவாளா?" என்று சிரிப்பு வேறு. என் பிள்ளைகளுக்கு அன்றைக்கு வெறும் கஞ்சி. வழி நெடுக உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனாலும் நீ செய்தது சரி என்று எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் திட்டினேன்.

பிறகு அந்த அதிகாரி வந்தார். ஆற்றில் மீன் பிடிக்கிற உரிமையை ஏலம் விடப்போகிறார்களாம். நம் ஆட்கள் வழக்கமாக மீன் பிடிக்கிற இடங்களை மட்டும் ஏலத்தில் சேர்க்கமாட்டார்களாம். நல்ல மனிதர்தான், குடையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் கரையோரமாக நடந்தே வந்தார். ஒவ்வொரு இடத்திலும் நின்று, "இங்கே வலை போடுவீர்களா?" என்று கேட்டார். நீயும் "போடுவோம் ஐயா" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். கசத்துக்கு வந்ததும் அதே கேள்வி. நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாயே, அந்த நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

"சீச்சீ, அங்கன நாங்க வலையே போடுதது இல்ல ஐயா. எங்க தாத்தா காலத்துலேருந்தே கெடையாது."

தெருத் தெருவாக மீன் விற்கிறவள் நான். எதிரில் நிற்கிறவர் எதற்காகக் கேட்கிறார் என்று பார்க்காமல் வாயைத் திறக்கமாட்டேன். "அண்ணே!" என்று கத்தினேன். நீ திரும்பிப் பார்த்து, "சும்மா கெடட்டி, ஐயா கேக்காவல்லா" என்று என்னை அடக்கினாய். "அப்போ இது யாருக்கும் பாத்தியம் இல்லாத இடம்" என்று சொல்லிவிட்டு அவர் குடையோடு நடந்துவிட்டார்.

ஏன் போடுவதில்லை என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் நீ விடிய விடியச் சொல்லியிருப்பாய். தின்னாமல் வைத்திருந்தோம் என்பதற்காகவே நம்முடையது இல்லை என்று ஆகிவிட்டது. இது எந்த ஊர் நியாயம்? அன்றைக்கே அந்தக் கசத்தை நாமே அரித்துத் தின்றிருந்தால் நமக்கு உரிமை என்று எழுதிக்கொடுத்திருப்பார்கள்.

ஏலம் எடுத்தவன் எங்கிருந்தோ வந்தான். சித்திரையில் கரையில் எண்ணெய் எஞ்சினை இறக்கி, இராப்பகலாகத் தண்ணீரை இறைத்து மணலில் விட்டான். அடி தெரிந்ததும் சேற்றில் இறங்கி அள்ளினார்கள். பெரியதெல்லாம் லாரியில் ஏறிப் புளியறை வழியாக மலையைத் தாண்டிப் போயிற்று. குஞ்சுகளை மணலில் வீசினார்கள், காக்கை கொத்திற்று. நம் தெருவே கரையில் நின்று பார்த்தது. நான் மண்ணை வாரித் தூற்றினேன். நீ மட்டும், "கேட்டாவ, உள்ளதச் சொன்னேன். அதுல என்னட்டி தப்பு?" என்றாய். உன்னை அறைந்திருப்பேன், அண்ணனாகப் போய்விட்டாய்.

அந்த ஆனியில் சாரலும் வந்தது, ஆறும் வந்தது. நம் பக்கம் மேலேறுவதற்கு மீன் இல்லை. கால்வாய் மடையில் வந்து நின்ற கொக்குகள்கூட ஏமாந்து பறந்தன. உன் வலை கூரை எரவாணத்தில் தொங்கியே இற்றுப்போயிற்று. நீ குற்றாலத்துக்குப் போய், அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாய். ஆற்றில் ஊறிய கைகளால் யார் யார் முதுகையோ பிடித்துவிட்டாய். நாள் முழுக்க ஈரத்தில் நின்று இருமலை வாங்கிக்கொண்டு வந்தாய். கடைசியில் பேச்சு குழறியபோதும், "நான் பொய் சொல்லலைல்லா" என்றுதான் கேட்டாய். சொல்லவில்லை அண்ணே. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

போன மாதம் வேறொரு அதிகாரி வந்தார். ஊருக்குக் கீழே வெகு தூரத்தில் இன்னொரு சின்னக் கசம் மிஞ்சியிருக்கிறதே, அதுவும் நாம் வலை போடாததுதான், அதற்காக. அதே கேள்வி. ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உன்னைப்போலவே உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தது ஒன்று. நான் கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னே போனேன்.

"போடுதோம் ஐயா. வருசம் தவறாம போடுதோம். எங்க தாத்தா போட்டாவ, எங்க அண்ணன் போட்டான். அவன் வலையே இங்கனதான் கெடக்கும்."

உன் பேரைச் சொல்லித்தான் பொய் சொன்னேன். நாக்கு கூசவில்லை. அவர் எழுதிக்கொண்டார். கீழக் கசம் ஏலத்துக்குப் போகவில்லை.

நேற்று உன் மகன் வந்தான். அவனும் இப்போது கூலிக்குத்தான் போகிறான், இரண்டு பிள்ளைகள் ஆகிவிட்டன. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மெதுவாகக் கேட்டான்: "அத்தை, அதான் எழுதிட்டாவல்லா. இந்தக் கோடைக்கு அங்கன ஒரு வலை போட்டுப் பாக்கட்டுமா?"

"வலையோட உன்னை அந்தக் கரையில கண்டேன், கால முறிச்சிருவேம்லே" என்றேன்.

அவன் விளையாட்டுக்குக் கேட்டானோ என்னவோ. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அண்ணே.