மூன்று தடவை ஓகே கொடுத்தேன், மாப்ள

என் அருமை மாப்ள சிக்கந்தருக்கு,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ கண்மூடிய பிறகு வந்த முதல் ஆயுத பூசை. நம் ஸ்டுடியோவில் கேமராவுக்குப் பொட்டு வைத்தேன், லைட்டுக்கு வைத்தேன். அதோடு நின்றிருக்கலாம். நீ பெட்டிக்குள் செருகி வைத்திருந்த எட்டு ஹார்டு டிஸ்க்கையும் உருவியெடுத்து, ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். நீ கையால் எழுதி ஒட்டியிருந்த சீட்டெல்லாம் துணியோடு வந்துவிட்டது. அழுக்கு என்று நினைத்தேன். பத்தாவதை இரண்டு தடவை எழுதியவன் புத்தி வேறு எப்படிப் போகும்?

நீ இருந்தவரை அந்தப் பெட்டிப் பக்கம் நான் போனதில்லை. மூன்று கம்ப்யூட்டர், எட்டு டிஸ்க், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி ஒரே பீரோ மாதிரி ஆக்கியிருந்தாய். எதில் உட்கார்ந்தாலும் எல்லாக் கல்யாணமும் தெரியும். ஒரே கல்யாணத்தைத் துண்டு துண்டாக்கி எட்டிலும் பிரித்து வைத்திருக்கிறாய் என்று எனக்கு ஏன் சொல்லவில்லை? சொன்னாயாம், என் மகள் சொல்கிறாள். சொன்னபோது நான் காராச்சேவு தின்றுகொண்டிருந்திருப்பேன்.

துடைத்து முடித்ததும் பயம் வந்தது, உள்ளே தண்ணீர் போயிருக்குமோ என்று. ஆல்பம் போடுகிற கம்ப்யூட்டரில் ஒன்றை மாட்டினேன். அது இங்கிலீஷில் என்னமோ கேட்டது. ஓகே கொடுத்தேன். அடுத்ததை மாட்டினேன், கேட்டது, கொடுத்தேன். மூன்றாவதும் அப்படியே. அதற்குள் டீ வந்ததால் மற்ற ஐந்தும் தப்பித்தன.

எல்லாவற்றையும் பழையபடி செருகினால் பீரோ திறக்க மாட்டேன் என்கிறது. மல்லாங்கிணறு, திருச்சுழி, காரியாபட்டி, இந்த மூன்றையும் காணவில்லை என்று திரையில் ஒரு வரி. ஏன்டா, டிஸ்க்குக்கு எவனாவது நாம் படமெடுக்கப் போகிற ஊர்ப் பெயரை வைப்பானா? திருச்சுழி காணாமல் போய்விட்டது என்று நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் மகள் செல்விக்குப் போன் போட்டேன்.

"அது என்னப்பா கேட்டுச்சு?"

"தெரியல தாயி. மரியாதையாத்தான் கேட்டுச்சு."

"படிக்காமயா ஓகே குடுத்தீங்க?"

"பேங்க்ல நீ கையெழுத்துப் போடச் சொன்னப்ப நான் படிச்சா போட்டேன்?"

"ஐயோ! கைய எடுங்கப்பா. எதையும் தொடாதீங்க. நான் வாரேன்."

வருவதாகச் சொன்ன சனிக்கிழமை வரை நான் ஸ்டுடியோவில் கையைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வந்தவள் விளக்கினாள். ஒவ்வொரு டிஸ்க்கின் தலைமாட்டிலும், 'நான் இன்னார், இன்ன கூட்டத்தைச் சேர்ந்தவன்' என்று கொஞ்சூண்டு எழுத்து இருக்குமாம். நான் கொடுத்த ஓகேயில் அதன்மேல் வேறு எழுத்து ஏறிவிட்டது. படங்கள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. எது எவன் என்பதுதான் போயிற்று. வெளியே இருந்த பெயரைத் துணியால் அழித்தேன், உள்ளே இருந்ததை விரலால் அழித்தேன். இவ்வளவு சுத்தமாக வீட்டில் ஒரு வேலைகூடப் பார்த்ததில்லையே என்கிறாள் என் வீட்டுக்காரி.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் எம்.ரெட்டியபட்டி பாண்டியம்மாள் ஷேர் ஆட்டோ ஏறி ஏறி வந்துகொண்டிருந்தாரே! ஆவணியில் அவர் மகள் கல்யாணத்தை நான்தான் எடுத்தேன். இருபதாம் நாள் அவர் வீட்டுக்காரர் பருத்திக் காட்டிலேயே விழுந்து இறந்துபோனார். நீ பீரோவில் ஏற்றிய கையோடு, கேமரா கார்டை அடுத்த கல்யாணத்துக்காக நான் அழித்தாயிற்று. அந்த மனிதர் நடமாடுகிற படம் என்று ஒன்று இருந்தால், அது நம் பீரோவுக்குள்தான்.

"ஆல்பமெல்லாம் மெதுவாக் குடுங்கண்ணாச்சி. அவுக தாரை வாத்ததை மட்டும் ஒருக்கப் பாத்துக்கிறேன்" என்பார்.

செல்வி வந்து இறங்கிய அன்றும் வந்து கேட்டார். என் வாய் சும்மா இருந்ததா? "நான் என்னம்மா செய்ய? சிக்கந்தரு என்னமோ ஒரு மாதிரி கட்டி வச்சுட்டுப் போய்ச் சேந்துட்டான். ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வைக்கல."

சொல்லிவிட்டுத் திரும்பினால் வாசலில் உன் வீட்டுக்காரி மும்தாஜ் நிற்கிறாள்.

வீட்டில் உன் மேசையில் தேடிப் பார்க்கும்படி அவளிடம் செல்விதான் சொல்லியிருக்கிறாள். மும்தாஜ் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். அதன் முதுகில் உன் எறும்பு எழுத்து. எட்டு ஊர்ப் பெயர். ஒவ்வொன்றுக்கும் நேரே, கம்பெனிக்காரன் டிஸ்க்கின் மேல் அச்சடித்த நீள நம்பர். அந்த நம்பர் மட்டும் என் துணிக்கு அசையாமல் இருந்தது. எந்த டிஸ்க் எந்த ஊர் என்று தெரிந்துவிட்டது. மும்தாஜ் பத்திரிகையை என் முன்னால் வைத்துவிட்டு வந்த வழியே போனாள்.

செல்வி அவசரப்படவில்லை. மூன்றையும் அச்சு அசலாக நகல் எடுத்தாள், அதுவே ஒரு நாள் ஓடியது. தப்பித்த ஐந்து டிஸ்க்கிலும் கூட்டத்தில் யார் யார் என்ற பட்டியல் இருந்ததாம். அதையும் உன் சீட்டையும் ஒத்துப் பார்த்து, நகலின் மேல் பெயரை எழுதினாள். இரண்டு ஊர் வந்தது. திருச்சுழி மறுத்தது. டிஸ்க் நம்பரை அவளுக்கு வாசித்துச் சொன்ன நான், கண்ணாடி போடாமல் ஒரு எட்டை மூன்று என்று சொல்லியிருக்கிறேன்.

"அப்பா, நீங்க டீ குடிக்கப் போங்க" என்றாள். திரும்பி வந்தபோது பீரோ திறந்திருந்தது.

மறுநாள் முற்பகல் பாண்டியம்மாளுக்குப் போட்டுக் காட்டினோம். சேதி கேட்டு மும்தாஜும் வந்திருந்தாள். திரையில் அந்த மனிதர் செம்பைக் கோணலாகப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுகிறார். "செம்பை நேராப் பிடிங்க" என்று பக்கத்தில் ஒரு அதட்டல். பாண்டியம்மாள் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பாருங்க, அன்னைக்கும் வஞ்சிருக்கேன்." மூன்று தடவை போடச் சொன்னார்.

கிளம்பும்போது மும்தாஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவுக கட்டி வச்ச கோளாறுல உங்களை இத்தனை நடை நடக்க விட்டாச்சு. மன்னிச்சுக்கங்கக்கா" என்றாள்.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தேன்.

நாளைக் காலை டவுன் பஸ்ஸில் பாளையம்பட்டிக்கு, உன் வீட்டுக்குப் போகிறேன். அங்கிருந்து எம்.ரெட்டியபட்டி. இது சத்தியம் மாப்ள. அன்றைக்குச் சொல்லாமல் விழுங்கியதை இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன்.

"அவன் கட்டுனதுல ஒரு கோளாறும் இல்ல தங்கச்சி. கெடுத்தது நான்."

உன் மச்சான்,
முருகேசன்